கயாக்கில் ஏறும் முன்: கரையிலேயே பார்க்க வேண்டியவை

(நீர் விளையாட்டுப் பாதுகாப்பு குறித்த விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



கையில போன் இல்லாதவங்க இங்கே யாரும் இருக்க மாட்டீங்க. அந்த போன்ல ஒரு தடவையாவது இப்படி ஒரு வீடியோ பார்த்திருப்பீங்க. சதுப்புநிலக் காட்டுக்கு நடுவுல பச்சைத் தண்ணி, அதுல ஆரஞ்சு நிறத்துல ஒரு கயாக், ரெண்டு பேர் துடுப்பு போட்டுக்கிட்டுப் போறாங்க. கீழே ஒரு நம்பர் இருக்கும். "வாங்க, ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவுதான்"னு போட்டிருக்கும். ராமநாதபுரம் மாவட்டத்துல காரங்காடு, பிரப்பன்வலசை, சென்னைக்குத் தெற்கே இருக்கிற கழிமுகங்கள்னு இப்போ பல இடங்கள்ல கயாக் ஓட்டலாம். நல்ல விஷயம்தான். உடம்புக்கு நல்லது, புகை கிடையாது, சத்தம் கிடையாது, உள்ளூர் இளைஞர்களுக்கு வேலையும் கிடைக்குது.

ஆனா பணம் கட்டறதுக்கு முன்னாடி எத்தனை பேர் அந்தக் கயாக்கைத் திருப்பிப் பார்க்கிறோம்? ஒரு வாடகை காரை எடுத்தா டயரைப் பார்க்கிறோம், இன்சூரன்ஸ் இருக்கான்னு கேட்கிறோம். கயாக்குன்னா யாரும் எதுவும் கேட்கிறதில்ல. "சின்னப் படகு, துடுப்புதானே, என்ன ஆயிடப் போகுது?"ன்னு ஏறிடறோம்.

இன்னிக்கு நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான். பெரிய படகுகளுக்கு உலகம் முழுக்கச் சட்டம், சான்று, தகடு எல்லாம் இருக்கு. கயாக்குக்கும் கேனோவுக்கும் பல நாடுகள்ல அந்தச் சட்டத்துலயே விலக்கு கொடுத்திருக்காங்க. அதனால உங்க உயிரைத் தாங்கப் போற படகை யாரோ ஒரு அதிகாரி முன்கூட்டியே சோதிச்சிருப்பார்னு நினைச்சுக்காதீங்க. கடைசிச் சோதனை உங்க கையில இருக்கு. அதுக்கு அஞ்சு நிமிஷம் போதும்.

கட்டுமரமும் வள்ளமும்

முதல்ல கயாக் எது, கேனோ எதுன்னு பார்த்துடலாம். கேனோன்னா மேல்பக்கம் திறந்த படகு. உள்ளே பலகையில உக்காந்தோ மண்டி போட்டோ, ஒரு பக்கம் மட்டும் அலகு இருக்கிற துடுப்பால தள்ளுவாங்க. நம்ம ஊர் வள்ளம் மாதிரி. கயாக்ல காலை முன்னாடி நீட்டி உக்காரணும். துடுப்புக்கு ரெண்டு முனையிலயும் அலகு இருக்கும்.

கயாக்லயே ரெண்டு வகை. ஒண்ணு, உடம்பின் கீழ்ப்பாதி படகுக்குள்ள போற மாதிரி குழி வெச்சது. இன்னொண்ணு, மூடின படகு மேல உக்கார்ற மாதிரி செஞ்சது. நம்ம ஊர்ல வாடகைக்குக் கிடைக்கிறது பெரும்பாலும் இந்த ரெண்டாவது வகைதான்.

இந்த வித்தியாசம் நம்ம மீனவர்களுக்கு ரொம்பப் பழைய விஷயம். இங்கிலீஷ்காரங்க 'கேட்டமரான்'னு சொல்ற வார்த்தையே நம்ம கட்டுமரத்துல இருந்து போனதுதான். கட்டுமரத்துக்கு உள்பக்கம்னு ஒண்ணு கிடையாது. அலை மேல ஏறினா தண்ணி கட்டைகளுக்கு நடுவுல வழிஞ்சு போயிடும். கவிழ்ந்தா திருப்பிப் போட்டுட்டு மறுபடி ஏறிக்கலாம். மரமே மிதக்கிறதால அது மூழ்காது. வள்ளம் அப்படி இல்ல. அதுக்கு உள்பக்கம் இருக்கு. அதுல தண்ணி நிரம்பினா அள்ளி ஊத்தணும், இல்லேன்னா கீழே போயிடும்.

மேலே உக்கார்ற கயாக் கட்டுமரத்துக்குத் தம்பி. உக்கார்ற இடத்துல இருக்கிற ஓட்டைகள் வழியா தண்ணி தானா வடிஞ்சுடும். குழி வெச்ச கயாக் வள்ளத்துக்குத் தம்பி. கவிழ்ந்தா நூறு, நூத்தம்பது லிட்டர் தண்ணி எளிதா உள்ளே ஏறும். ஒரு லிட்டர்னா ஒரு கிலோ. நடுத்தண்ணியில நூத்தம்பது கிலோவைத் திருப்பிப் போட்டுக் காலி பண்றது பயிற்சி எடுக்காதவங்களால முடியாது. அதனால முதல் தடவை போறவங்க மேலே உக்கார்ற வகையைக் கேட்டு வாங்கிக்கோங்க. குழி வெச்சதுதான் இருக்குன்னா, கவிழ்ந்தா எப்படி வெளியே வரணும்னு கரையோரம் இடுப்பளவுத் தண்ணியில செஞ்சு காட்டச் சொல்லுங்க. காட்ட மாட்டேன்னா அந்த இடம் வேண்டாம்.

சட்டம் எங்கே நிக்குது?

ஐரோப்பிய ஒன்றியத்துல பொழுதுபோக்குப் படகுகளுக்கு 2013-ல ஒரு உத்தரவு போட்டாங்க. படகு எப்படிக் கட்டணும், எவ்வளவு ஆள் ஏறலாம், மூழ்காம இருக்க என்ன செய்யணும்னு எல்லாம் அதுல இருக்கு. ஆனா மனுஷ பலத்தால மட்டும் ஓடுற கேனோ, கயாக் இந்த உத்தரவுக்குள்ள வராதுன்னு அதுலயே எழுதியிருக்கு. அமெரிக்காவுல 20 அடிக்குக் குறைவான படகுகள்ல இத்தனை பேர், இவ்வளவு எடைன்னு ஒரு தகடு அடிச்சிருக்கணும். அங்கேயும் கேனோ, கயாக்குக்கு விலக்கு. அங்கே இதுக்குன்னு இருக்கிற தரம், படகு கட்டுற தொழில்காரங்க தங்களுக்குள்ள தாங்களே விரும்பி ஏத்துக்கிட்டது.

நம்ம நாட்டுல 1917-ஆம் வருஷச் சட்டத்துக்குப் பதிலா உள்நாட்டுக் கலங்கள் சட்டம் 2021-ல வந்தது. இது முக்கியமா இன்ஜின் வெச்ச கலங்களுக்கானது. இன்ஜின் இல்லாத கலங்களுக்கும் தனியா ஒரு பகுதி இருக்கு. மாநில அரசு அவற்றை உள்ளூர் அளவுல பட்டியல்ல சேர்க்க அது வழி செய்யுது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2017-ல படகுப் பாதுகாப்புக்கு வழிகாட்டி நெறிமுறைகள் கொடுத்தது. தமிழ்நாடு சுற்றுலாத் துறையில சாகசச் சுற்றுலா நடத்துறவங்களுக்கு இணையவழிப் பதிவு இருக்கு. அதனால நீங்க கேட்க வேண்டிய முதல் கேள்வி: "உங்க பதிவு எண் என்ன?" பதிவு செஞ்சவர் சந்தோஷமா காட்டுவார்.

ஆனா பதிவு எண் நடத்துறவரைப் பத்திச் சொல்லும். இன்னிக்கு நீங்க ஏறப் போற அந்த ஆரஞ்சு கயாக்ல விரிசல் இருக்கா இல்லையான்னு அது சொல்லாது. அதை நீங்கதான் பார்க்கணும்.

கயாக்கைத் திருப்பிப் பாருங்க

வாடகைக் கயாக் பெரும்பாலும் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்ல செஞ்சது. நம்ம வீட்டு மாடியில இருக்கிற தண்ணித் தொட்டி செய்யற அதே முறைதான். அச்சுக்குள்ள பிளாஸ்டிக் தூளைப் போட்டு, சூடு காட்டி, எல்லாப் பக்கமும் சுத்துவாங்க. தூள் உருகி அச்சின் உள்சுவர்ல ஒட்டிக்கும். ஒட்டு இல்லாத, உள்ளே காலியான ஒரு ஓடு கிடைக்கும்.

இந்த பிளாஸ்டிக் தண்ணியை விடக் கொஞ்சம்தான் லேசு. கணக்குப் போட்டுப் பாருங்க. 25 கிலோ கயாக் ஒண்ணுல, பிளாஸ்டிக் மட்டும் கொடுக்கிற உபரி மிதப்பு ஒன்றரை கிலோ கூட வராது. உங்களைத் தாங்கறது உள்ளே அடைபட்டிருக்கிற காத்து. கண்ணாடி இழையில செஞ்ச கயாக்னா இன்னும் மோசம். அந்தப் பொருள் தண்ணியை விடக் கனம். காத்து போயிட்டா அது நேரா அடிக்குப் போகும். அதனாலதான் நல்ல கயாக்ல உள்ளே தடுப்புச் சுவர், காத்துப் பை, இல்லேன்னா நுரைக்கட்டை வெச்சிருப்பாங்க. ஒரு லிட்டர் காத்தோ நுரையோ ஏறத்தாழ ஒரு கிலோவைத் தாங்கும். ஓடு உடைஞ்சாலும் மிதக்கணும்ங்கிறதுதான் எல்லாத் தரங்களுக்கும் பின்னால இருக்கிற யோசனை.

இதைக் கரையிலேயே பார்க்க அஞ்சு சோதனை சொல்றேன்.

ஒண்ணு, காது வெச்சுக் கேளுங்க. ரெண்டு பேர் சேர்ந்து கயாக்கின் ஒரு முனையைத் தூக்குங்க. உள்ளே சலசலன்னு சத்தம் கேட்டா தண்ணி இருக்கு. வடிகால் திருகைக் கழட்டச் சொல்லிக் காலி பண்ணச் சொல்லுங்க. சாப்பாட்டுத் தட்டுல தண்ணியை வெச்சுக்கிட்டு நடந்து பாருங்க, லேசா சாய்ஞ்சாலும் மொத்தத் தண்ணியும் அந்தப் பக்கமே ஓடும். கயாக்குக்குள்ள நாலஞ்சு லிட்டர் இருந்தாலும் இதேதான். அது சாயற பக்கமே தண்ணியும் ஓடி, கவிழறதுக்குத் துணை போகும். போன சவாரியில ஏறின தண்ணியா, இல்ல ஓட்டை வழியா வந்ததான்னும் கேளுங்க.

ரெண்டு, வடிகால் திருகு இருக்கான்னு பாருங்க. ரொம்பச் சின்னப் பொருள். அதனாலதான் தொலையும். துணியையோ பிளாஸ்டிக் காகிதத்தையோ வெச்சு அடைச்சிருந்தா அந்தக் கயாக் வேண்டாம்.

மூணு, தண்ணி வடியற ஓட்டைகளைச் சுத்தி விரலால தடவிப் பாருங்க. மேல்ஓடும் கீழ்ஓடும் சேர்ற இடம் அது. மணல்ல இழுத்து இழுத்து அங்கேதான் முதல்ல விரிசல் விடும். அடிப்பக்கத்துல நடுக்கோட்டையும் பின்முனையையும் பாருங்க. எம்சீல் பூசி ஒப்பேத்தியிருந்தா கவனமா இருங்க. பாலிஎத்திலீன்ல பசை எதுவும் சரியா ஒட்டாது. அதை முறையா சரி பண்ணணும்னா அதே பிளாஸ்டிக்கை உருக்கித்தான் ஒட்டணும்.

நாலு, நிறம் வெளுத்திருக்கான்னு பாருங்க. வருஷக்கணக்கா வெயில்ல கிடந்த பிளாஸ்டிக் வெளிறிப்போகும், தொட்டா சுண்ணாம்பு மாதிரி கையில ஒட்டும், வளையறதுக்குப் பதிலா உடையும். கட்டை விரலால அழுத்திப் பாருங்க. வேற இடத்தை விட மொறமொறன்னு இருந்தா, வேற கயாக் கேளுங்க.

அஞ்சு, எடை. கம்பெனி ஒட்டின ஸ்டிக்கர்ல அதிகபட்ச எடை போட்டிருக்கும். அது ஆள், தண்ணி பாட்டில், பை எல்லாம் சேர்த்து. அது மூழ்காம இருக்கிறதுக்கான எல்லை, வசதியா ஓட்டறதுக்கான அளவு அதை விடக் குறைவு. ரெண்டு பேர் கயாக்ல "குழந்தைதானே, நடுவுல உக்காரட்டும்"னு மூணாவது ஆளை ஏத்தினா, மறுத்துடுங்க. ஸ்டிக்கர் கிழிஞ்சிருந்தா, கயாக்கின் மாடல் பெயரை போன்ல தேடினாலே எடை வரம்பு கிடைச்சுடும்.

இதோட முன்னும் பின்னும் கைப்பிடி இருக்கான்னு பாருங்க. தண்ணியில விழுந்தவங்க பிடிக்கறதுக்கு அதுதான். சும்மா தொங்குற கயிறு, காலை மாட்டிக்கிற மாதிரியான வளையம் எதுவும் இருக்கக் கூடாது.

லைஃப் ஜாக்கெட்: நம்பரைப் படிங்க

அமெரிக்கக் கடலோரக் காவல் படை வருஷா வருஷம் படகு விபத்துக் கணக்கு வெளியிடுது. மூழ்கி இறந்தவங்கள்ல பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல லைஃப் ஜாக்கெட் போடாதவங்கன்னு அது வருஷா வருஷம் சொல்லுது. நம்ம ஊர்லயும் அனுபவம் இருக்கு. 2011 டிசம்பர் 25 அன்னிக்குப் பழவேற்காட்டுல படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தாங்க. அளவுக்கு மேல ஆள், லைஃப் ஜாக்கெட் கிடையாது. அது கயாக் இல்ல. ஆனா தண்ணிக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

ஜாக்கெட்டின் உள்பக்கம் ஒரு லேபிள் இருக்கும். அதுல நியூட்டன் கணக்குல ஒரு எண் இருக்கும். பத்து நியூட்டன்னா சுமார் ஒரு கிலோ தூக்கும் சக்தின்னு வெச்சுக்கோங்க. பெரியவங்க தலை தண்ணிக்கு மேல நிக்க 3 முதல் 5 கிலோ தூக்கல் போதும். ஐஎஸ்ஓ 12402-ங்கிற சர்வதேசத் தரத்துல 50, 100, 150, 275-னு நாலு படி வெச்சிருக்காங்க.

50 நியூட்டன்: நீச்சல் தெரிஞ்சவங்களுக்கு, கரைக்குப் பக்கத்துல, உதவி அருகிலேயே இருக்கிற இடத்துல. கை வீச வசதியா இருக்கும். கயாக் ஓட்டறவங்க அதிகமா போடறது இதைத்தான். ஆனா மயங்கிட்டா இது உங்களை முகம் மேலே இருக்கிற மாதிரி திருப்பாது.

100 நியூட்டனும் அதுக்கு மேலயும்: நீச்சல் தெரியாதவங்களுக்கு. கழுத்துக்குப் பின்னால காலர் மாதிரி மிதவை இருக்கும். மயங்கினவரையும் முகம் மேலே வர்ற மாதிரி திருப்பத்தான் இதை வடிவமைக்கிறாங்க.

நம்மள்ல பலருக்கு நீச்சல் தெரியாது. அதுல வெட்கப்பட ஒண்ணும் இல்ல. "எனக்கு நீச்சல் தெரியாது, 100 நியூட்டன் ஜாக்கெட் கொடுங்க"ன்னு வாய் திறந்து கேளுங்க. குழந்தைக்குக் குழந்தை அளவு ஜாக்கெட்தான் போடணும். கால் நடுவுல போற பட்டை அவசியம். அது இல்லேன்னா தண்ணியில விழுந்ததும் ஜாக்கெட் மேலே போகும், குழந்தை கீழே போகும். போட்டு முடிச்சதும் தோள் பக்கம் பிடிச்சு மேலே தூக்கிப் பாருங்க. காதைத் தாண்டி வந்தா அது தளர்ச்சி.

லேபிள்ல ஐஎஸ்ஐ முத்திரை இருந்தா, அதுக்குக் கீழே இருக்கிற உரிம எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில போட்டுச் சரிபார்க்கலாம். போலி முத்திரையா இருந்தா அங்கேயே புகாரும் கொடுக்கலாம். லேபிளே இல்லாம, உள்ளே பஞ்சு கட்டிகட்டியா இருக்கிற ஜாக்கெட்டை நம்பாதீங்க. ஜாக்கெட்ல ஒரு விசில் இருக்கணும். குரல் போற தூரத்தை விட விசில் தூரம் போகும், தொண்டையும் வறளாது.

ஆன்லைன்ல வாங்குறவங்களுக்கு

காத்து அடிக்கிற கயாக்கை இப்போ ஆன்லைன்லயே வாங்கி, ஏரிக்கோ அணைக்கோ எடுத்துட்டுப் போறாங்க. அணையிலும் நீர்த்தேக்கத்திலும் அனுமதி இல்லாம இறங்கக் கூடாது, அதை முதல்ல மனசுல வெச்சுக்கோங்க. வாங்கும்போது ஐஎஸ்ஓ 6185-னு போட்டிருக்கான்னு பாருங்க. காத்து அடிச்ச படகுகளுக்கான சர்வதேசத் தரம் அது. அதன் முதல் பகுதியில கேனோ, கயாக்குக்குன்னு தனி வகையே வெச்சிருக்காங்க. காத்து அறை ஒண்ணுக்கு மேல இருக்கணும். ஒண்ணு கிழிஞ்சா மிச்சம் உங்களைத் தாங்கணும். ஒரே அறை உள்ளதும், நீச்சல் குளத்துல விளையாடறதுக்கான மிதவை பொம்மைகளும் படகு ஆகாது. "ஐரோப்பியச் சான்று பெற்றது"ன்னு விளம்பரத்துல இருந்தா, எந்தத் தரம், அதன் எண் என்னன்னு விற்பனையாளரைக் கேளுங்க. எண் சொல்ல முடியலேன்னா அந்தச் சான்றை நம்பிப் பணம் கட்டாதீங்க.

தண்ணியும் காத்தும்

நல்ல கயாக், நல்ல ஜாக்கெட் ரெண்டும் இருந்தும் உயிர் போகலாம். இங்கிலாந்தின் தெற்குக் கரையில லைம் விரிகுடான்னு ஒரு இடம். 1993 மார்ச் 22. எட்டு மாணவர்கள், ஒரு ஆசிரியர், ரெண்டு பயிற்சியாளர்கள், கரையோரமா ஒரு சின்னப் பயணம் கிளம்பினாங்க. ஆசிரியரின் கயாக் திரும்பத் திரும்பக் கவிழ்ந்தது. ஒரு பயிற்சியாளர் அவரோட நின்னுட்டார். மத்தவங்களைக் கரையில இருந்து கடலுக்கு வீசின காத்து தள்ளிக்கிட்டே போச்சு. அலை ஏறி ஏறி கயாக்குகள் நிரம்பின. மதியத்துக்குள்ள திரும்ப வேண்டியவங்க. ஆனா கடலோரக் காவலுக்குத் தகவல் போனதே மணிக்கணக்கா தாமதமாத்தான். நாலு மாணவர்கள் இறந்துட்டாங்க.

இதுல நாம கத்துக்க வேண்டியது அந்தக் காத்து. கரையில இருந்து கடலுக்கு வீசும் காத்துல, கரையோரத் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும். குழந்தையைக் கூட இறக்கிடலாம்னு தோணும். நூறு மீட்டர் உள்ளே போனா திரும்பி வர முடியாது. நம்ம கிழக்குக் கரையில ஜூன் முதல் செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவக்காத்து தரையில இருந்து கடல் பக்கம்தான் தள்ளும். காலையில வீசுற கரைக்காத்தும் அப்படித்தான். கிளம்பறதுக்கு முன்னாடி கொஞ்சம் மணலை எடுத்துத் தூவிப் பாருங்க. கடல் பக்கம் பறந்தா, கடல்ல இறங்காதீங்க. கழிமுகத்துக்கு உள்ளேயே இருங்க.

கழிமுகத்துலயும் முகத்துவாரத்துப் பக்கம் போகாதீங்க. ஓதம் இறங்கும்போது உள்ளே இருக்கிற தண்ணி எல்லாம் அந்தக் குறுகின வாய் வழியாத்தான் கடலுக்கு ஓடும். துடுப்பு போட்டு எதிர்க்க முடியாது.

இன்னொண்ணு கள்ளக்கடல். இங்கே காத்தே இல்லாம, வானம் தெளிவா இருக்கும்போதே பெரிய அலை வரும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, தெற்குப் பெருங்கடல்ல அடிச்ச புயலின் அலை அது. 2024 மே 6 அன்னிக்குக் கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் பக்கத்துக் கடற்கரையில அஞ்சு மருத்துவ மாணவர்களைக் கடல் இழுத்துட்டுப் போச்சு. அப்போ கள்ளக்கடல் எச்சரிக்கை அமல்ல இருந்தது. எச்சரிக்கை கொடுக்கிறது ஹைதராபாத்ல இருக்கிற இன்காய்ஸ் நிறுவனம். கண்ணால பார்த்துத் தெரிஞ்சுக்க முடியாத ஆபத்து இது. போன்ல பார்த்தாத்தான் தெரியும்.

அதனால கிளம்பற அன்னிக்குக் காலையில மூணு செயலி பாருங்க. மழை, காத்து எச்சரிக்கைக்கு 'டிஎன் அலர்ட்'. அலை, கள்ளக்கடலுக்கு இன்காய்ஸின் 'சமுத்ரா'. இடி மின்னலுக்கு 'தாமினி'. மூணுல ஒண்ணுல எச்சரிக்கை இருந்தாலும் பயணத்தை இன்னொரு நாள் வெச்சுக்கோங்க. கட்டின பணம் பெரிசில்ல.

கவிழ்ந்துட்டா

முதல் விதி: கயாக்கை விடாதீங்க. கரை பக்கத்துலதான் தெரியும், நீந்திடலாம்னு தோணும். நீந்தாதீங்க. தண்ணியில மனுஷத் தலை ஒரு தேங்காய் அளவு, தேடி வர்றவங்க கண்ணுக்குத் தெரியாது. ஆரஞ்சு கயாக் தூரத்துல இருந்தே தெரியும். துடுப்பு போனாலும் போகட்டும், கைப்பிடியைப் பிடிச்சுக்கோங்க. மூணு தடவை விசில் ஊதுங்க, நிறுத்துங்க, மறுபடி ஊதுங்க.

போனைத் தண்ணி புகாத உறையில போட்டு, கழுத்துல மாட்டி, ஜாக்கெட்டுக்கு உள்ளே வெச்சுக்கோங்க. ஈரக் கையில தொடுதிரை வேலை செய்யாது. அதனால உங்க போன்ல எந்த பட்டனை எத்தனை தடவை அமுக்கினா அவசர அழைப்பு போகும்னு கரையிலேயே தெரிஞ்சு வெச்சுக்கோங்க. எல்லா அவசரத்துக்கும் 112. கடல்ல இருந்தா கடலோரக் காவல் படைக்கு 1554, தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. ஆம்புலன்ஸ் 108. இப்போவே போன்ல சேமிச்சுடுங்க.

கரையில இருக்கிற ஒருத்தர்கிட்ட மூணு விஷயம் சொல்லிட்டு இறங்குங்க. எங்கே போறீங்க, எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவீங்க. "அந்த நேரத்துக்கு மேல பத்து நிமிஷம் ஆனா 112-க்குப் போன் பண்ணுங்க"ன்னு தெளிவா சொல்லுங்க. லைம் விரிகுடாவுல அந்த போன் சரியான நேரத்துக்குப் போகல.

ஒரு புகார் என்ன செய்யும்?

அந்த விபத்துல இன்னொரு விஷயமும் இருக்கு. அந்த மையத்துல வேலை பார்த்துட்டு விலகின ரெண்டு பயிற்சியாளர்கள், பாதுகாப்பு சரியில்லன்னு நிர்வாகிக்கு முன்னாடியே கடிதம் எழுதியிருந்தாங்க. அவர் கண்டுக்கல. ஆனா அந்தக் கடிதம் நீதிமன்றத்துல முக்கியமான சாட்சியமா நின்னுச்சு. 1994-ல நிறுவனமும் அதன் நிர்வாக இயக்குநரும் குற்றவாளின்னு தீர்ப்பு வந்தது. அவர் சிறைக்குப் போனார். அடுத்த வருஷமே இளைஞர்களுக்கான சாகச மையங்கள் உரிமம் வாங்கணும்னு பிரிட்டன்ல சட்டம் வந்தது. அதுக்கு இறந்த பிள்ளைகளின் பெற்றோர் போராட வேண்டியிருந்தது.

நாம அந்த அளவுக்குக் காத்திருக்க வேண்டாம். விரிசல் விட்ட கயாக், லேபிள் இல்லாத ஜாக்கெட், எடைக்கு மேல ஏத்தறது, எச்சரிக்கை நாள்லயும் இறக்கி விடறது, இதுல எதைப் பார்த்தாலும் ரெண்டு போட்டோ எடுங்க. இடம், தேதி, நேரம் எழுதி வெச்சுக்கோங்க. முதலமைச்சர் உதவி மையத்துக்கு 1100-ல பேசலாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்துல நடக்கிற குறைதீர்க்கும் நாள்ல மனு கொடுக்கலாம். பணம் கட்டி வாங்கின சேவையில குறைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மனு எண்ணைப் பத்திரமா வெச்சுக்கோங்க.

நடத்துறவர்கிட்ட நேர்லயும் மரியாதையா சொல்லுங்க. "தம்பி, இந்தத் திருகு இல்ல, வேற கயாக் கொடுங்க"ன்னு சொன்னா பெரும்பாலும் மாத்திக் கொடுப்பாங்க. நாள் முழுக்க நூறு பேர்ல ஒருத்தர் கூடக் கேட்கலேன்னா அவருக்கும் கவனம் போகாது. பத்துப் பேர் கேட்டா அடுத்த வாரம் எல்லாக் கயாக்லயும் திருகு இருக்கும். ஒழுங்கா நடத்துற இடமா இருந்தா, எதெல்லாம் நல்லா இருந்ததுன்னு எழுதிப் பாராட்டி, நட்சத்திரம் கொடுங்க. "பயணத்துக்கு முன்னாடி ஜாக்கெட் பட்டையை இழுத்துப் பார்த்தாங்க"ன்னு நீங்க எழுதற ஒரு வரி, அடுத்து வர்ற குடும்பத்துக்கு எதைக் கேட்கணும்னு சொல்லிக் கொடுக்கும்.

போன்ல சேமிக்க ஒரு பட்டியல்

இதைத் திரைப்பிடிப்பு எடுத்து வெச்சுக்கோங்க.

1. நடத்துறவரின் சுற்றுலாத் துறைப் பதிவு எண் கேட்டாச்சா?
2. கயாக்கைத் தூக்கி ஆட்டியாச்சா? உள்ளே தண்ணிச் சத்தம் இல்லையே?
3. வடிகால் திருகு, விரிசல், வெளுத்த நிறம், கைப்பிடி பார்த்தாச்சா?
4. எடை வரம்புக்குள்ள இருக்கோமா?
5. ஜாக்கெட் லேபிள்ல எத்தனை நியூட்டன்? நீச்சல் தெரியாதவங்களுக்கு 100 அல்லது அதுக்கு மேல. பட்டை இறுக்கியாச்சா? விசில் இருக்கா?
6. டிஎன் அலர்ட், சமுத்ரா, தாமினி பார்த்தாச்சா? காத்து கடல் பக்கம் வீசலையே?
7. கரையில ஒருத்தர்கிட்ட திரும்பும் நேரம் சொல்லியாச்சா?
8. 112, 1554, 1093, 108 போன்ல இருக்கா?

எட்டுக்கும் பதில் சரியா இருந்தா, தைரியமா இறங்குங்க. ஒண்ணு சரியில்லேன்னாலும் அதைச் சரி பண்ணின பிறகு இறங்குங்க. காரங்காட்டுச் சதுப்புநிலம் அடுத்த வாரமும் அங்கேயேதான் இருக்கும்.